சாக்கு குடித்தது எவ்வளவு

கடைக்கார நானாவின் கைபட்டு சர்பத்துப் போத்தல் சரிந்தபோது நான் அரைக் கிலோ சீனிக்காகக் காத்து நின்றேன். நோன்பு மாதம். மாத்தளைக் கடைத்தெருவில் அந்தச் சின்னக் கடையின் மேல்தட்டு முழுக்கச் சிவப்புச் சர்பத்துப் போத்தல்கள். விழுந்தது உடையவில்லை. தரையில் மடித்துப் போட்டிருந்த வெறும் சாக்குகளின் மேல் விழுந்து, மூடி கழன்று, சத்தமில்லாமல் படுத்துக் கிடந்தது. நானா வேறொருவருக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டுத்தான் குனிந்து பார்த்தார்.

“கொஞ்சந்தான் சிந்தி ஈக்கு,” என்றார்.

சாக்கின் மேல் ஒரு சோற்றுக் கோப்பை அளவுக்குத்தான் சிவப்பு. போத்தலைத் தூக்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்தார். ஒரு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

“அப்ப மத்ததெல்லாம் எங்க போச்சு?”

அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்கவில்லை. நான் குனிந்து மேல் சாக்கைத் தூக்கினேன். அது கனத்தது. அதன் அடிப்பக்கம் முழுவதும் ஊறியிருந்தது. இரண்டாவது சாக்கும் ஈரம். மூன்றாவதிலும் பாதி. நான்காவதுதான் காய்ந்திருந்தது.

“நானா, இந்தச் சாக்கு மூணையும் எனக்குத் தருவீங்களா?”

“சீனி வாங்க வந்த புள்ள சாக்குக் கேக்குது. எறும்பு மொய்க்கும் மகள்.”

“பரவாயில்ல. பாடத்துக்கு வேணும்.”

“மிட்வைஃப் படிப்புல சாக்குப் பாடமும் ஈக்கா?”

“இல்ல நானா. அதுதான் பிரச்சினையே.”

அவர் சிரித்துக்கொண்டு சாக்குகளைச் சுருட்டிக் கட்டித் தந்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் நடக்கவில்லை, ஓடினேன். சீனியை மறந்துவிட்டேன் என்பது வாசலில் அம்மா கேட்டபோதுதான் தெரிந்தது.

நான் ஏன் ஓடினேன் என்று சொல்ல வேண்டுமானால் என் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு உயர்தரப் பரீட்சையில் உயிரியல். மருத்துவபீடத்துக்குப் புள்ளி போதவில்லை. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருக்கும் அப்பா இன்னொரு தடவை எடுத்துப் பார் என்றார். இன்னொரு வருடம் அதே புத்தகங்களோடு ஒரே மேசையில் குந்தியிருக்க என்னால் முடியாது. மருத்துவிச்சிப் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரியிருந்தார்கள், போட்டேன், கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக்காரர்கள் கடிதம் எழுதினார்கள். படித்த பிள்ளையை இப்படியா விடுவது என்று ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். நான் அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் இடுப்பெலும்பின் படத்தை வரைந்து பழகினேன்.

வகுப்பில் என் பக்கத்து நாற்காலியில் அவள். உக்குவளைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அந்தத் தோட்டத்திலிருந்து இப்படியொரு படிப்புக்கு அனுப்பப்பட்ட முதல் பெண். அங்கே நிரந்தரமாக மருத்துவிச்சி இல்லாமல் நெடுநாள். பயிற்சி முடிந்ததும் அவளையே அங்கு போடுவதாகப் பேச்சு. அவளுடைய அம்மா கொழுந்து எடுக்கிறவர். மகள் வெள்ளைச் சட்டை போட்டு இறங்கிப் போன அன்று மலையில் இருந்தவர்களெல்லாம் கூடையோடு நின்று பார்த்தார்களாம்.

பாடமெல்லாம் சிங்களத்தில். அவளுடைய சிங்களம் என்னுடையதைவிட நல்லது. “டவுன் புள்ளைக்கு இங்கிலீசு மட்டுந்தான் வரும்போல,” என்று என்னைச் சீண்டுவாள். நான் அவளுடைய படங்களைத் திருத்திக் கொடுப்பேன், அவள் என் உச்சரிப்பைத் திருத்துவாள். கையில் அவளுக்கு இருந்த நிதானம் எனக்கு இல்லை. நான் எதையும் பத்து நிமிடத்தில் விளங்கிக்கொண்டு பதினோராவது நிமிடத்தில் சலித்துப்போகிற ஆள். அவள் ஒரு வயிற்றின் மேல் கையை வைத்தால் அந்தத் தாயின் மூச்சே மெதுவாகும்.

ஆஸ்பத்திரிப் பயிற்சி முடிந்து வெளிக்களப் பயிற்சியில் நான்காவது மாதம். ஒரு புதன்கிழமை கடைகளைத் திறக்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது என்று சுவர்களில் துண்டுப் பிரசுரம் ஒட்டியிருந்தார்கள். யார் ஒட்டியது என்று இந்த நாட்களில் யாரும் கேட்பதில்லை. மூடிவிட்டு வீட்டுக்குள் இருப்பதுதான் வழக்கம். அவளுக்குப் பொறுப்பான மூத்த மருத்துவிச்சியால் கீழேயிருந்து தோட்டத்துக்கு வர முடியவில்லை. அன்று காலை லயத்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டது. நான்காவது பிள்ளை. என் தோழி தனியாகப் பார்த்தாள். பிள்ளை நன்றாக அழுதது. நஞ்சுக்கொடி முழுதாக விழுந்தது. எல்லாவற்றையும் படித்தபடியே செய்தாள். பதிவேட்டில் ‘ரத்தப்போக்கு: சாதாரணம்’ என்று எழுதிவிட்டு, இரண்டு லயம் தள்ளியிருந்த தன் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள்.

பின்னேரம் இரண்டு மணிக்கு அந்தத் தாய் எழுந்து நிற்கப் பார்த்து அப்படியே விழுந்தாள். உதடு வெளுத்திருந்தது. தோட்டத்து லொறிக்காரர் முதலில் பயந்தார். பிறகு லொறியின் முன்னால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு அவளை மலையிலிருந்து இறக்கினார். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டாள். இன்னும் ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டொக்டர் சொன்னதை என் தோழி யாருக்கும் திருப்பிச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் ஒருமுறை சொன்னாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விசாரணை. பதிவேட்டில் பொய் எழுதினாள் அல்லது கவனிக்காமல் எழுதினாள். இரண்டில் எதுவென்றாலும் பயிற்சியிலிருந்து நிறுத்த வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. விளக்கக் கடிதம் கேட்டிருந்தார்கள். அவள் நான்கு வரி எழுதிக் கொடுத்துவிட்டாள். தவறுக்கு வருந்துகிறேன் என்பதுதான் அந்த நான்கு வரியின் சாரம்.

“நீ கவனிக்காம எழுதலயே. பிறகு என்ன வருத்தம்?” என்று கேட்டேன்.

“எனக்குச் சாதாரணமாத்தான் தெரிஞ்சிச்சு புள்ள. அத வச்சு என்னத்த எழுதுறது?”

அதற்கு மூன்றாம் நாள்தான் சர்பத்து சிந்தியது.

வீட்டுக் குசினியில் வேலையைத் தொடங்கினேன். சர்பத்து பிசுபிசுப்பு, சரிவராது. சோற்றுக் கஞ்சியைத் தண்ணீர்விட்டு இளக்கி, கேசரிப் பவுடரைச் சிவப்பாகக் கரைத்தேன். அளப்பதற்கு டின்பால் வந்த தகரப் பேணி. ஆஸ்பத்திரியிலிருந்து இரவல் வாங்கிய அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்திருந்தேன்: பேணி முந்நூறு மில்லிலீட்டர் பிடித்தது. எங்கள் புத்தகத்தில் பிள்ளைப்பேற்று ரத்தப்போக்குக்கு ஆபத்துக்கோடு ஐந்நூறு. அதாவது இரண்டு பேணி நிரம்புவதற்குள் மருத்துவிச்சி விழித்துக்கொள்ள வேண்டும்.

லயத்தில் பிள்ளைப்பேறு எப்படி என்று தோழி முன்பே சொல்லியிருந்தாள். கீழே சாக்கு, அதன் மேல் நான்காக மடித்த பழைய சீலை. அதுவும் கறுப்போ கத்தரிப்பூ நிறமோ பார்த்து எடுத்து வைத்திருப்பார்கள், கறை தெரியாது என்று. நான் அம்மாவின் பழைய கரும்பச்சைச் சீலையை எடுத்து அப்படியே விரித்தேன்.

“உனக்கு விசரே பிள்ளை? தோய்ச்சு வைச்ச சீலையெல்லே அது,” என்று அம்மா கத்தினார்.

“நீங்களே ஊத்துங்கோ அம்மா. எத்தினை பேணி எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ.”

வீட்டில் நாங்கள் யாழ்ப்பாணம் பேசுவோம். தெருவுக்கு இறங்கினால் மாத்தளை. அம்மா திட்டிக்கொண்டே ஊற்றினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, பிறகு பார்த்து, நன்றாகக் குனிந்து பார்த்து, உயிரியல் படித்த பெருமையோடு “ஒரு பேணிக்குக் கொஞ்சம் கூட” என்றேன்.

அம்மா மூன்று ஊற்றியிருந்தார்.

அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு “ஒரு தேத்தண்ணிக் கோப்பை” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ரப்பர் விரிப்பு, வெள்ளைத் துணி, வெள்ளை எனாமல் பேசின். ரத்தம் பேசினுக்குள் வடியும், பேசின் எவ்வளவு பிடிக்கும் என்று எங்கள் தலைமைத் தாதி சிஸ்டர் சொல்லித் தந்திருந்தார். எங்கள் கண்ணைப் பழக்கியது அந்தப் பேசினுக்கு மட்டும்தான். சாக்குக்கு யாரும் பழக்கவில்லை.

பயிற்சியைப் பொறுப்பாகப் பார்க்கும் அந்தச் சிஸ்டரிடம் வெள்ளிக்கிழமை விசாரணைக்கு முன் அரைமணி நேரம் கேட்டேன். இருபது வருடச் சேவைக்காரி. எங்களை ‘நங்கி’ என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்ற பொருளில், திட்டும்போதும் அதே நங்கிதான். என்னத்துக்கு என்று கேட்டார். லயங்களில் துப்புரவு பற்றி என்று சொல்லிவிட்டேன். முழுப் பொய்யில்லை, ஆனாலும் பொய்தான்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினேன். வகுப்பு நடக்கும் சுகாதாரக் காரியாலயம் உக்குவளைப் பக்கம். என் பையில் கஞ்சிச் சிவப்பு நிறைந்த மூன்று போத்தல்கள், காய்ந்த சாக்கும் சீலைகளும், பொலித்தீனில் சுற்றிய ஏற்கெனவே ஊறவைத்த சாக்கு ஒன்று. கிளம்பும் அவசரத்தில் நினைக்காததைச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றபோது நினைத்தேன்.

எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றோம். அடையாள அட்டையைப் பார்த்த ஆர்மிக்காரன் என் பெயரை இரண்டு தடவை வாசித்தான். பையைத் திறந்தான். பொலித்தீனைப் பிரித்தான். சட்டென்று பின்னுக்குப் போனான்.

“யாருடைய ரத்தம் இது?”

“ரத்தம் இல்லை. சோற்றுக் கஞ்சி,” என்று சிங்களத்தில் சொன்னேன். அந்த இடத்தில் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமான பதில் என்று எனக்கே கேட்டது.

அவன் தனக்கு மேலேயிருந்த கோப்ரலைக் கூப்பிட்டான். நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர். பயிற்சிக் கடிதத்தைக் காட்டினேன். முழுக்க வாசித்தார். பயத்தில் நான் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தேன்: தாய்மார், சாக்கு, கண் மட்டம், எவ்வளவு போனது என்று ஒருத்தருக்கும் தெரிவதில்லை. அவர் குனிந்து அந்தச் சாக்கின் ஒரு மூலையை இரண்டு விரலால் தூக்கினார்.

“ஒன்றரைப் போத்தல் இருக்கும்,” என்றார். “கூடவும் இருக்கலாம்.”

நான் நான்கு பேணி ஊற்றியிருந்தேன். எழுநூற்றைம்பது மில்லிப் போத்தல் கணக்கில் அது ஒன்றரைக்குக் கொஞ்சம் கூட. அந்த வாரம் முழுவதும் நான் கேட்டவர்களில் சரியாகச் சொன்னது அவர் ஒருவர்தான். எப்படித் தெரியும் என்று கேட்க என் வாய் உன்னியது, நல்லவேளையாக முகத்தைப் பார்த்தேன். கேட்கவில்லை. அவர் பையை மூடித் தந்துவிட்டுப் போகச் சொன்னார்.

காரியாலயத்தில் சிஸ்டர், விசாரணைக்கு வந்திருந்த டொக்டர், ஐந்து மூத்த மருத்துவிச்சிகள், பயிற்சிப் பெண்கள் பதினொரு பேர். என் தோழி கடைசி வாங்கில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து ‘என்னா பண்ணப்போற’ என்று கண்ணால் கேட்டாள். நான் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கும் அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று நினைத்த அளவுக்கு எனக்கு என் யோசனையில் மயக்கம்.

முதலில் எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்று வெள்ளைப் பேசினில் மூன்று பேணி ஊற்றினேன். பேணியைக் காட்டி, இதில் எத்தனை என்று துண்டில் எழுதித் தரச் சொன்னேன், பெயர் வேண்டாம் என்றேன். ஏறத்தாழ எல்லாரும் சரி. டொக்டர் சிரித்தார். பிறகு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, சாக்கு மேல் கறுப்புச் சீலையை மடித்து அதே மூன்று பேணியை ஊற்றி, உள்ளே கூப்பிட்டு அதே கேள்வி. துண்டுகளைச் சேர்த்து ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன். ஒரு பேணி. முக்கால் பேணி. ஒரு பேணி. ஒன்றேகால். வஹகோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த மூத்த மருத்துவிச்சி, நூற்றுக்கணக்கில் பிள்ளை எடுத்தவர், அரைப் பேணி என்று எழுதியிருந்தார். ஒரு துண்டில் எண்ணே இல்லை.

“சாதாரணம்,” என்று வாசித்தேன்.

வாசித்து முடித்த பிறகுதான் கையெழுத்தை அடையாளம் கண்டேன். எங்கள் பயிற்சிக் கொப்பிகளில் சிவப்பு மையில் ஒவ்வொரு வாரமும் பார்க்கும் கையெழுத்து. சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் அந்தச் சாக்கைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று பேணி என்று கரும்பலகையில் எழுதினேன். சோக்குக்கட்டி முறிந்தது.

டொக்டர்தான் பேசினார். மனிதர் நியாயமானவர். “கண்ணுக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். நானும் ஒன்று என்றுதான் எழுதினேன். ஆனால் கைக்குத் தெரியுமே. அந்தத் துணியைத் தூக்கியிருந்தால் பாரம் தெரிந்திருக்கும். ஏன் தூக்கிப் பார்க்கவில்லை?”

ஒரு வாரமாக நான் சாக்கை மட்டும் கேட்டேன். அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கடைசி வாங்கில் அவள் எழுந்து நின்றாள்.

“நான் தூக்கினேன் டொக்டர்,” என்று சிங்களத்தில் தொடங்கினாள். இரண்டாவது வாக்கியத்தில் குரல் உடைந்து தமிழுக்கு வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.

“புள்ள பொறந்தா அந்தத் துணிய அப்பிடியே கெடக்க விடமாட்டாங்க. ஆம்பளைங்க மலையிலருந்து வர்றதுக்குள்ள சுருட்டி ஆத்துக்குக் கொண்டு போயிருவாங்க. அது கண்ணுல படக்கூடாது. வெளிய இருந்து வந்த நர்ஸம்மாவா இருந்தா, அவங்க பாட்டுக்குப் போட்டுட்டுக் கைய கழுவுவாங்க. நான் அந்த லயத்துப் புள்ள. போட்டுட்டு நிக்க எனக்கு வெக்கமா இருந்திச்சு. நானே சுருட்டி அவங்க மாமியார் கையில குடுத்தேன்.”

மொழிபெயர்த்தேன்.

“பாரமாத்தான் இருந்திச்சு. பன்னீர்க்கொடம் ஒடஞ்ச தண்ணியாக்கும்னு நெனைச்சிட்டேன்.”

இங்கே நான் தடுமாறினேன். பாரமாக இருந்தது தெரியும் என்று அவளே சொன்னால் முடிந்துபோகும். கொஞ்சம் ஈரமாக இருந்தது என்பதுபோல மழுப்பிச் சொன்னேன்.

“அப்பிடிச் சொல்லாத புள்ள,” என்றாள். பிறகு டொக்டரைப் பார்த்து, சுத்தமான சிங்களத்தில், “பாரமாக இருந்தது. எனக்குத் தெரிந்தது. தண்ணீர் என்று நினைத்துவிட்டேன்,” என்றாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டு ஒரு வாசலைத் திறந்து வைத்தால் அதை இப்படியா போய்ச் சாத்துவது.

“கடிதத்தில் ஏன் இதை எழுதவில்லை?” என்று சிஸ்டர் கேட்டார்.

“எழுதினா எங்க ஆளுகளப் பத்தி என்னா நெனைப்பீங்க?” தமிழில் கேட்டாள். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சிஸ்டருக்கு அவ்வளவு தமிழ் விளங்கும்.

அப்போது வஹகோட்டை மருத்துவிச்சி தொண்டையைச் செருமினார். “எங்கள் பக்கமும் அப்படித்தான். ஆற்றுக்குக் கொண்டுபோவதில்லை. தோட்டத்து மூலையில் புதைத்துவிடுவார்கள். நான் கையைக் கழுவிவிட்டுத் திரும்பும்போது துணி இருக்காது.” இன்னொருவர், சீகிரியாப் பக்கம் வேலை பார்த்தவர், அங்கே தாயின் அக்காமார் எடுத்துக்கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுவிடுவார்கள் என்றார். ஒருவர் பின் ஒருவராக எல்லாருக்கும் ஒரு கதை இருந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், கத்தோலிக்கர். எல்லா வீட்டிலும் யாரோ ஒரு பெண் ஓடிவந்து அந்தத் துணியை மறைத்திருந்தார். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

“இருபது வருடம்,” என்றார் சிஸ்டர். “துணி எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை, நங்கி.” அந்த நங்கி எனக்கல்ல, அவளுக்கு.

டொக்டரும் சிஸ்டரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். நாங்கள் இருவரும் விறாந்தையில் நின்றோம்.

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ,” என்றேன்.

“நீ எங்க கேட்ட? சாக்கு சாக்குன்னு ஓடிக்கிட்டு இருந்த. இப்ப உன் கையெல்லாம் செவப்பு, போய்க் கழுவு.”

முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். நிறுத்தவில்லை. ஆனால் வெளிக்களப் பயிற்சி இன்னும் மூன்று மாதம் கூடியது. அதுவரை தனியாக ஒரு பிள்ளைப்பேறும் பார்க்கக் கூடாது. அந்தத் தாயின் வீட்டுக்கு ஒவ்வொரு வாரமும் அவளே போய் உடல்நிலையைப் பார்த்துப் பதிய வேண்டும். தோட்டத்து வேலை அதற்குப் பிறகுதான் தீர்மானம். அவள் தலையாட்டினாள். அழுதது பஸ் தரிப்பிடத்தில்தான், அதுவும் கொஞ்சம். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “அந்த டொக்டரும் ஒண்ணுன்னு எழுதினாராமே,” என்று சிரித்தாள்.

இது நடந்து ஒன்பது வாரம். இப்போது ஒவ்வொரு மாத வகுப்பிலும் கஞ்சிச் சிவப்புப் பாடம் உண்டு. சிஸ்டரே ஊற்றுகிறார். தன் ‘சாதாரணம்’ துண்டைத் தன் மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருக்கிறார். என்னிடம் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்கப் போனபோது, “துப்புரவு என்று பொய் சொன்னதற்குக் கேள், மற்றதற்கு வேண்டாம்,” என்றார். கேட்டேன்.

கண் பழகினால் போதாது, துணி கைக்குக் கிடைக்க வேண்டும். டொக்டர் ஒரு வழி சொன்னார்: பிள்ளை நிறுக்கும் தொங்குதராசு எல்லா மருத்துவிச்சியிடமும் இருக்கிறது, துணியை அதில் நிறுத்தால் சந்தேகமே இல்லை. எனக்கு அது அற்புதமாகப் பட்டது. அன்றே அட்டவணை போட்டேன். தோழி பார்த்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள். “தீட்டுத் துணி தொங்குன கொக்கியில எவ புள்ளையத் தொங்கவிடுவா? அதுக்கப்புறம் நிறுவைக்கே வரமாட்டாங்க.” அட்டவணை போனது.

அவளுடைய யோசனை எளிது. மூடி போட்ட வாளி. துணியும் சாக்கும் சுருட்டப்பட வேண்டும், ஆம்பளைகள் கண்ணில் படக்கூடாது, சரி. வாளிக்குள் சுருட்டி மூடி போடட்டும். மருத்துவிச்சி மூடியைத் திறந்து, தூக்கிப் பார்த்த பிறகு ஆற்றுக்குப் போகட்டும். வாரா வாரம் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனபோது மாமியாரிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். முதல் வாரம் கதவடியிலேயே பதில்: “போதும் போ, நீ படிச்சுக் கிழிச்சது.” மூன்றாவது வாரம் உள்ளே வரச்சொல்லித் தேத்தண்ணி. ஆறாவது வாரம் கேள்வி: “வாளிய எங்க வைக்கிறது? கதவுக்குப் பின்னாலன்னா கோழி தட்டிவிடுமே.”

கோழி தட்டாத வாளி எது என்று நாங்கள் இருவரும் கடைத்தெருவில் அரை நாள் அலைந்தோம். கடைசியில் நானாதான் காலி எண்ணெய் வாளி ஒன்றை மூடியோடு கழுவித் தந்தார். “சாக்கு, இப்ப வாளி. அடுத்த கிழமை கடையவே கேப்பீங்க போல,” என்றார்.

வருகிற சனிக்கிழமை தோட்டத்தில் அரைநாள் வேலை. கொழுந்து நிறுவை முடிந்ததும் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் பெண்களைக் கூட்டத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சம்மதித்திருக்கிறார். சாக்கு விரித்து ஊற்றுவது நானில்லை, தோழி. எத்தனை பேணி என்று மாமியார்மார் சொல்ல வேண்டும். துணியை ஆற்றுக்குக் கொண்டுபோகிற கை அவர்களுடையது, ஆகவே அந்தக் கைக்குத்தான் முதலில் பாரம் தெரிய வேண்டும் என்கிறாள். எனக்குக் கொடுத்திருக்கும் வேலை வாளியைத் தூக்கிக்கொண்டு வருவதும், பேசாமல் இருப்பதும். இரண்டாவதை ஒரு மணி நேரத்துக்குச் செய்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாயும் கைப்பிள்ளையோடு வருவதாகச் சொன்னாளாம். வந்தால் என்ன சொல்வாள் என்று தோழிக்கும் தெரியாது. சனிக்கிழமைக்கும் கடையடைப்புத் துண்டு ஒட்டப்போவதாக ஒரு கதை உலாவுகிறது. பஸ் ஓடாவிட்டால் உக்குவளைவரை ரயில் பாதையோரமாக நடந்து, அங்கிருந்து மேலே ஏறுவதாக இருக்கிறோம்.